மூன்று கொழுக்கட்டை, தொண்ணூறு கலோரி

"பொய் லேபிள் ஒட்டி விக்கிறியே ஃபைவிஷ், உனக்கு வெக்கமா இல்ல?"

ப்ளூமா இரண்டு பாக்கெட்டுகளையும் கல்லா மேல் டொம்மென்று போட்டாள்.

அன்று சாயங்காலம் யூதர்களின் யோம் கிப்பூர் விரதம் தொடங்குகிறது. அதற்கு முன் சூப்பில் மிதக்கவிட்டுச் சாப்பிட க்ரெப்லாக் இல்லாத வீடு புரூக்ளினின் அந்தத் தெருவில் கிடையாது. மாவுக்குள் இறைச்சி வைத்து மடித்த கொழுக்கட்டை. ஃபைவிஷும் அவன் மனைவி ஹென்யாவும் கடைக்குப் பின்னாலேயே செய்து, உறையவைத்து, பாக்கெட் போட்டு விற்றார்கள். காலையிலேயே வரிசை வாசலைத் தாண்டியிருந்தது.

"என்னக்கா ஆச்சு?" என்றான் ஃபைவிஷ்.

"என்ன ஆச்சா? ஞாயித்துக்கிழமை ஆறு கொழுக்கட்டை சாப்பிட்டேன். உன் லேபிளை நம்பி அதுக்குத் தகுந்த அளவு இன்சுலின் போட்டுக்கிட்டேன். சாயங்காலம் சுகர் முன்னூத்தி முப்பது! வாந்தி எடுத்து, கண்ணு இருட்டி, பக்கத்து வீட்டுக்காரி வரலேன்னா இன்னைக்கு நீ என் சாவுக்கு வந்திருப்பே."

"ஐயோ..."

"அப்புறம்தான் ரெண்டு பாக்கெட்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். ஒரே எடை. ஒரே மாவு, ஒரே இறைச்சி. இதுல மூணுக்கு இருநூத்திப் பத்து கலோரி, மாவுச்சத்து இருபத்தேழு கிராம். அதுல மூணுக்குத் தொண்ணூறு கலோரி, மாவுச்சத்து பதினொண்ணு. எதுடா நிஜம்?"

ஃபைவிஷ் இரண்டாவது பாக்கெட்டைத் திருப்பினான். அவன் முகம் வெளிறிப்போனது.

"இது எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"பின்னாடி சின்ன ஃப்ரீசர்லேர்ந்து. முன்னாடி ஒண்ணுதான் இருந்தது. கூட்டத்துல நீதான் பார்க்காம காசு வாங்கிப் போட்டே."

"அது விக்கிறதுக்கு இல்லக்கா."

"விக்காததுக்கு லேபிள் எதுக்கு?"

வரிசையில் சலசலப்பு. "டயட் சரக்குன்னு நெனச்சு நாம தின்னுருப்போம் போல. அதான் என் இடுப்பு இறங்கவே இல்ல" என்றாள் ஒருத்தி. நாலு பேர் சிரித்தார்கள்.

ஃபைவிஷ் சிரிக்கவில்லை. கடைக்குள்ளிருந்து மாடி வீட்டுக்குப் போகும் கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான்.

"தொண்ணூறு பொய்தான். தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க" என்றான். "கொஞ்சம் மெதுவா பேசுங்கக்கா. கெஞ்சிக் கேக்கறேன்."

அவன் இறங்க இறங்க ப்ளூமாவுக்கு ஏறியது.

"ஏன் மெதுவா? முப்பது வருஷமா கல்யாணத் தரகு பண்றேன். ஒரு குடும்பத்தைப் பத்தி ஒரு வார்த்தை பொய் சொல்லியிருப்பேனா? சொன்னா என்னை எவ வாசல்ல சேர்ப்பா? உனக்கு மட்டும் என்ன சலுகை?" வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். "எல்லாரும் கேட்டுக்கோங்க! பின்னாடி ஃப்ரீசர்ல இருக்கிற தொண்ணூறெல்லாம் பொய்! நிஜக் கணக்கு இருநூத்திப் பத்து!"

மாடிக் கதவு திறந்தது.

வெளியே இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்க, குளிர்காலக் கோட்டை இறுக்கிப் போர்த்திக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள். யாரோ நோயாளி என்றுதான் ப்ளூமா முதலில் நினைத்தாள். அது ஃபைவிஷின் மகள் ரைஸல் என்று புரிய நேரமாயிற்று. பத்தொன்பது வயசு. கன்னம் இருந்த இடத்தில் எலும்புதான் இருந்தது.

ரைஸல் இரண்டு பாக்கெட்டுகளையும் எடுத்தாள். ஒன்றைப் படித்தாள். மற்றதைப் படித்தாள்.

"ஏழு மாசமா இதைத்தான் குடுத்தீங்களாப்பா?"

ஃபைவிஷ் கல்லாவைச் சுற்றி அவளிடம் வந்தான்.

அவள் பாக்கெட்டுகளை வைத்துவிட்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிப்போனாள். மேலே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

பின்கட்டிலிருந்து ஹென்யா மாவுக் கையோடு ஓடிவந்தாள். யாரையும் பார்க்காமல் படியேறினாள். "ரைஸல்! கதவைத் திறடி! ரைஸல்!" கதவு இடிபடுவது கடை முழுக்கக் கேட்டது.

"எடையைக் குறைக்கணும், குறைக்கணும்னு எல்லாத்தையும் விட்டுட்டா" என்றான் ஃபைவிஷ். "ரொட்டி, பழம், பால், எதையும் தொடறதில்ல. எதைக் குடுத்தாலும் பின்பக்கம் திருப்பி எண்ணைப் பார்ப்பா. ஒருநாள் நானே அந்த லேபிளை அடிச்சு ஒட்டினேன். மூணு சாப்பிட்டா. மறுநாளும் மூணு. ஏழு மாசமா அவ உடம்புல உருப்படியா இறங்கினது அது ஒண்ணுதான். இவ விரதமே இருக்கக் கூடாதுன்னு டாக்டரும் சொல்லிட்டார், நம்ம மதகுரு ரப்பையும் சொல்லிட்டார். நாளைக்குக் குடுக்கத்தான் அந்த ஃப்ரீசர்ல வெச்சிருந்தேன்."

வரிசையில் இடுப்பைப் பற்றிப் பேசியவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ப்ளூமா கல்லாவைப் பிடித்துக்கொண்டாள். அவளும் பெண் பெற்றவள்தான்.

"எனக்குத் தெரியாதே ஃபைவிஷ்... தெரிஞ்சிருந்தா வாயத் திறந்திருப்பேனா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு படியை நோக்கி நகர்ந்தாள். "இரு, நான் போய்ப் பேசறேன். சின்னதுலேர்ந்து பார்த்த பொண்ணு. நான் சொன்னா கேப்பா."

"கேப்பாக்கா" என்றான் ஃபைவிஷ். அவன் குரலில் கோபம்கூட இல்லை. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்கதானே அவளைக் கூப்பிட்டு, மாப்பிள்ளை வீட்டுல டிரஸ் சைஸ் கேக்கறாங்க, எடை இருபது பவுண்டு குறைச்சா போதும்னு சொன்னீங்க? அதைத்தான் அவ இன்னும் கேட்டுக்கிட்டிருக்கா."