மேல்வாசல் அறிவிப்பு

"ஒரே ஒரு கையெழுத்துதாம்மா. போட்டீங்கன்னா நாளைக்கே வேலையில சேந்துடலாம்."

அமைச்சரின் உதவியாளர் தாளை மேஜை மேல் வைத்தார். ஆற்றங்கரைக் கோயிலின் அறிவிப்பு அறை அது. எதிரே உட்கார்ந்திருந்தவள் அங்கிருந்த மைக்கில் பதினோரு வருஷம் பேசியவள். வெள்ளம் வந்த மறுநாளே, யாத்திரை வந்த பக்தர்களிடம் பொய் அறிவிப்புச் செய்தாள் என்று அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"என்ன எழுதியிருக்கு சார்?"

"அமைச்சர் போன்ல உத்தரவு போட்டாரு, நீங்க அறிவிச்சீங்க. அவ்வளவுதான்."

"அவரு போனே பண்ணலையே!"

"பண்ணியிருப்பாரும்மா. அன்னிக்கு இருந்த பதட்டத்துல யாருக்கு என்ன ஞாபகம் இருக்கும்?"

பத்து நாளாகச் சட்டசபையில் ஒரே அமளி. முன்னெச்சரிக்கை ஏன் இல்லை என்று எதிர்க்கட்சி கேட்டது. வானிலைத் துறை அணைத் துறையைக் காட்டியது, அணைத் துறை ஆண்டவனைக் காட்டியது. பழி கடைசியில் அமைச்சர் தலையில்தான் விடியும் போலிருந்தது. பிழைத்தவர்களை எண்ணிப் பார்த்த பிறகுதான், அந்தப் பொய் அறிவிப்பைச் சொந்தம் கொண்டாடலாம் என்று கட்சிக்கு உறைத்தது.

"ஆமா, 'மேல்வாசல்ல இலவச தரிசனம்'னு எதுக்குச் சொன்னீங்க? வெள்ளம் வருதுன்னே சொல்லியிருக்கலாமே?"

"மலையில மேகவெடிப்பு, அணையைத் தாண்டித் தண்ணி வருது, நாப்பது நிமிஷந்தான்னு அணைக் காவலர் போன் பண்ணினாரு. கீழ ஆத்தங்கரையில எட்டாயிரம் பேரு, மேல்வாசலுக்கு ஏற இருக்கறது ஒத்தைப் படிக்கட்டு. வெள்ளம்னு சொன்னா ஒருத்தரை ஒருத்தர் மிதிச்சே செத்திருப்பாங்க சார். அதான், குழந்தையோட வந்தவங்க முதல்ல, அப்புறம் வயசானவங்க, எல்லாருக்கும் தரிசனம் உண்டு, தள்ளாதீங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

உதவியாளர் சன்னல் வழியே பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டு படிகளில் கீழிருந்து தொண்ணூறாவது படி வரை சேறு. மரத்தின் உச்சிக் கிளையில் ஒரு இரும்புப் பெஞ்சு மாட்டிக்கொண்டிருந்தது. அதை அங்கே கொண்டுபோய் வைத்த தண்ணீரை எதிர்த்து, இந்த அம்மாள் ஒரு மைக்கை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்! எத்தனையோ பேரைப் பேசியே மடக்கிய மனிதருக்கு உடம்பு சிலிர்த்தது. தன்னையறியாமல் கைகூப்பினார்.

"எட்டாயிரம் உசிரும்மா! அமைச்சருக்காக எத்தனையோ பொய் எழுதியிருக்கேன். உங்க பொய்க்குப் பக்கத்துல ஒண்ணுகூட நிக்காது."

அவள் தாளை இன்னொரு முறை படித்தாள். "பேரு அமைச்சருக்கே இருக்கட்டும். இந்தக் கடைசி வரியை மட்டும் அடிச்சிடுங்க சார்."

'இறந்த ஒரே நபர், அறிவிப்பை மதிக்காமல் கரையிலேயே இருந்து, தன் அலட்சியத்தால் உயிரிழந்தார்' என்பதுதான் அந்த வரி.

"அது இல்லாம முடியாதும்மா. அந்த ஒரு சாவுக்கு யார் பொறுப்புன்னுதான் எதிர்க்கட்சிக்காரங்க தொண்டை கிழியக் கத்துறாங்க. கரையில செருப்பு பாத்துக்கற ஆளு. ஏன்னு கேக்கக்கூட யாரும் வரல. அவர் மேலயே போட்டுட்டா விவகாரம் முடிஞ்சுது."

"அவரு அலட்சியக்காரர் இல்ல. பொறுப்பு என்னோடதுன்னு எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

"வேலை போயிடும், கேஸ் வரும். உங்களுக்கு என்னம்மா தலையெழுத்து?"

"எல்லாரும் ஏறினப்ப அவரு மட்டும் சிரிச்சுக்கிட்டே உக்காந்திருந்தாராம். கூப்பிட்டவங்ககிட்ட, 'நீங்க போங்க, தரிசனமாவது ஒண்ணாவது, அது சும்மா சொல்லுது'ன்னாராம்."

"எட்டாயிரம் பேரும் நம்பினாங்களே! அவருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

மைக்குக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறப் போட்டிருந்த பழைய கைபேசி ஒன்றை அவள் மெல்லக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அவரோட போன் அன்னிக்கு இங்கதான் சார்ஜ்ல கிடந்துச்சு, தனியாக் கூப்பிட்டுச் சொல்லவும் முடியல. இருபத்திரண்டு வருஷம் என்கூடக் குடும்பம் நடத்தினவரு சார். நான் பொய் சொன்னா குரல்லயே கண்டுபிடிச்சிடுவாரு."