தேதி மாறினால் பெயர் மாறும்

யார் மனம் யாரை அதிகம் நினைத்தது என்று வீட்டுத் திரை மாதாமாதம் அறிக்கை காட்டும். சிபியின் அறிக்கையில் எப்போதும் மனைவி கோதைக்கே முதலிடம்.

ஒரு நாள், தேதிகளை நாமே தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. சிபியின் அறிக்கையில் கல்யாணத்துக்கு முந்தைய வருடங்களைத் தட்டினாள் கோதை. முதலிடம்: இதழினி.

“யாருங்க இவ?”

“காலேஜ்ல கூடப் படிச்சவ. அப்புறம் பார்க்கவே இல்லடி!”

பிறந்தது முதல் இன்றுவரை என்று மாற்றினாள். அப்போதும் இதழினிதான். அடுத்து சிபியின் அம்மா. கோதை மூன்றாவது.

ஒரு வாரம் சாம்பாரில் உப்பில்லை. கேட்டதற்கு, “அவளே வந்து போடட்டும்” என்றாள்.

பொறுக்கமாட்டாமல் சிபி, கோதையின் அறிக்கையில் அந்த ஒரு வாரத்தை மட்டும் தேர்ந்தெடுத்தான்.

முதலிடம்: இதழினி. அவன் பெயர் பட்டியலிலேயே இல்லை.

“இப்ப நான் யார்கிட்டடி சண்டை போடுறது?” என்றான்.