கோமேதகத்தின் கொழுப்பு

ஜன்னலோர மேஜையில் பட்டை தீட்டும் சக்கரம் சுழல்கிறது. ஈரக் கல்லை விரல் நுனியில் தூக்கி, காலை வெயிலில் பிடித்துப் பார்க்கிறாள் அவள். பக்கத்து நாற்காலியில் மடியில் போர்வையுடன் கணவர். வாய்க்குப் பூட்டே இல்லாமல் இருந்த மனிதர். ஆளைக் கண்டால் கேலி, அவளைக் கண்டால் இரட்டைக் கேலி. பக்கவாதம் வந்ததிலிருந்து அந்த வாயில் ஒரு வார்த்தைகூடத் தெளிவாக வரவில்லை. விடாமல் பேச்சுக் கொடுங்கள் என்று மருத்துவர் சொன்னதால், கைக்கு வரும் கல்லைப் பற்றியெல்லாம் அவரிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். “இது கோமேதகங்க. பேருக்கு அர்த்தம் தெரியுமா? கோன்னா பசு, மேதம்னா கொழுப்பு. உருகின கொழுப்பு மாதிரி நிறம் இருக்குல்ல, அதனால அப்படிப் பேரு வச்சாங்களாம். நவரத்தினத்துல ஒண்ணு, அதுக்குப் போய் இப்படி ஒரு பேரு!” கல்லை அவர் உள்ளங்கையில் வைக்கிறாள். தேன் நிற வெளிச்சம் ரேகைகளின்மேல் நடுங்குகிறது. அவர் கல்லைப் பார்க்கிறார், பிறகு அவளைப் பார்க்கிறார். கோணிய உதடு எதற்கோ முயல்கிறது. தண்ணீர் கேட்கிறாரோ என்று அவள் எழ, அவருடைய நல்ல கை அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துகிறது.

“கொ… கொழுப்பு,” என்கிறார். மூச்சு வாங்குகிறார். “உனக்குத்தான்.”

கல் இல்லாத சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றுகிறது. அவள் அவர் முழங்காலில் முகம் புதைத்துக் குலுங்கிச் சிரிக்கிறாள், போர்வை நனைகிறது. “ஆமாங்க, எனக்குத்தான், எனக்கேதான். இன்னொரு தடவை திட்டுங்க,” என்று கெஞ்சுகிறாள்.