பல்லி சொல்லிவிட்டது

முதல் ஜெர்மன் சண்டை ஓய்ந்து, அடுத்தது மூளாத காலம். ஒரு ஜமீன் அரண்மனைக் கூடத்தில், சுவர்ப் படங்களுக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது. ஜமீன்தாரின் மகள் மீனலோசனி நாடகக் கம்பெனி ஹார்மோனியக்காரனைக் கட்டிக்கொண்டு போனதும், அவள் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டிவிட்டார்கள்.

“அதில் வலை கட்டேன். இனி யார் தொடப்போகிறார்கள்?” என்றது பல்லி, சிலந்தியிடம்.

“தாத்தாக்கள் படத்தைத்தான் யாரும் தொடுவதில்லை. இதை ஜமீன்தார் தினமும் ஆளில்லாத நேரம் பார்த்துத் திருப்பி, அங்கவஸ்திரத்தால் துடைத்துவிட்டுப் போகிறார்” என்றது சிலந்தி.

போகியன்று குடும்ப மானம் பேசப் பங்காளிகள் வந்து உட்கார்ந்தார்கள்.

“எனக்கு மகளே கிடையாது” என்றார் ஜமீன்தார். சொல்லிவிட்டுச் சுவரை அண்ணாந்து பார்த்தார். பல்லி வாயைத் திறக்கவில்லை.

“பொங்கலுக்கு மீனா வந்தா வீடு நிறைஞ்சிருக்கும்” என்றாள் அவர் மனைவி, யாரையும் பார்க்காமல்.

பல்லி தொண்டை நோகச் சத்தமிட்டது.

“கெவுளியே சொல்லிருச்சு. மீறினா குடும்பத்துக்கு ஆகுமா?” என்று பங்காளிகளிடம் கையை விரித்த ஜமீன்தார், மகளை அழைத்துவர மோட்டாரை அனுப்பச் சொன்னார்.

“என் ஒரு சொல்லுக்கு ஜமீனே கட்டுப்படுகிறது, பார்த்தாயா?” என்றது பல்லி.

“பார்த்தேன். காலையிலேயே அவர் மோட்டாரைக் கழுவி வாசலில் நிறுத்தச் சொன்னதையும் பார்த்தேன்” என்றது சிலந்தி.