தானாக மடங்கிய கை

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, அம்பத்தூரில் மருந்துச் சோதனைக் கூடம் ஒன்றின் முன் புது மருந்தைத் தங்கள் உடம்பில் சோதிக்கக் கொடுத்துப் பணம் வாங்க நாற்பத்திரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் மூன்று மாத இடைவெளி வேண்டும் என்பது விதி. பெங்களூரில் இப்படி ஒரு சோதனைக்கு மாத்திரை விழுங்கி ஐந்து வாரமே ஆகியிருந்த கோதண்டம், இதுதான் முதல் முறை என்று எழுதிக்கொடுத்திருந்தார். மகளின் தேர்வுக் கட்டணத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

“ஊசியப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கங்கண்ணே. பழகுன மாடு மாதிரி நிக்காதீங்க,” என்றார் பின்னால் நின்ற இருதயராஜ்.

தன் முறை வந்து உள்ளே உட்கார்ந்ததும் கோதண்டம் முகத்தைச் சரியாகவே திருப்பினார். கண்களையும் இறுக மூடிக்கொண்டார். நர்ஸ் ரத்தம் எடுக்க அவருடைய வலது கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். கட்டைவிரல் தானாக உள்ளே போயிற்று; மற்ற விரல்கள் அதன்மேல் மடங்கி இறுகின.

“மொத தடவைன்னு எழுதியிருக்கீங்க?”

“ஆமா மேடம்.”

“கைய மடக்குங்கன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே.”

கோதண்டம் கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தார்.

“அந்தக் கையையும் காட்டுங்க.”

இடது முழங்கையின் மடிப்பில் ஊசித் தழும்புகள் இருந்தன. நர்ஸ் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு இருதயராஜைக் கூப்பிட்டாள். அவர், மடக்கச் சொன்ன பிறகே கையை மடக்கினார். தேர்வானார்.