முதலாளிக்கு ஏது சம்பளச் சீட்டு?

"சார், கையை மேசை மேல வைக்காதீங்க. நகத்துல கிரீஸ் தெரியுது" என்று மேனேஜர் காதோரம் முணுமுணுத்தார். முதலாளி சட்டென்று இரண்டு கைகளையும் மடிக்கு இழுத்துக்கொண்டார்.

எதிரே வங்கியின் வீட்டுக் கடன் அதிகாரி கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்த ஏசிக் குளிரிலும் முதலாளிக்குக் கழுத்தில் வியர்த்தது.

இருபது வருடம் ஒரு லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவர், போன வருடம்தான் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொடங்கியிருந்தார். கம்பெனியில் மொத்தம் இரண்டே பேர். லிஃப்ட் குழிக்குள் இறங்கி அழுக்காவது முதலாளி. போன் எடுப்பது, பில் போடுவது, முதலாளியை அதட்டுவது எல்லாம் மேனேஜர்.

விசிட்டிங் கார்டில் 'நிர்வாக இயக்குநர்' என்று பொன்னெழுத்தில் அச்சடித்திருந்தார். அதை நீட்டும்போது அவருக்கே சிரிப்பு வரும். தொடங்கிய நாளிலிருந்து தனக்கு ஒரு நாள் லீவு கொடுத்ததில்லை, ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இவ்வளவு மோசமான முதலாளியிடம் அவர் இதற்கு முன் வேலை பார்த்ததே இல்லை.

இன்றைக்கு மேனேஜரையும் கூட்டி வந்ததற்குக் காரணம் இருந்தது. தனியாகப் போனால் வேலை இல்லாத ஆள் என்று நினைத்துவிடுவார்கள். கூட ஒருவர் கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால்தான் கம்பெனி என்று நம்புவார்கள் என்பது அவர் நினைப்பு.

"இப்ப வாடகைக்கு இருக்கிற வீட்டையேதான் வாங்கப் போறீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"ஆமா மேடம். பதினோரு வருஷமா இருக்கோம். இப்ப வீட்டுக்காரர் விக்கிறார். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள கடன் கிடைக்கும்னு பேங்க் லெட்டர் காட்டலேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவார். ரெண்டு பசங்க மேடம், எதிர்த் தெருவுலதான் ஸ்கூல்..." என்றார் முதலாளி.

"வீடு எப்படி?"

"மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது மேடம்."

அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "ரெண்டு ரூம், ஒரு ஹால். சமையலறை ஜன்னல்ல மட்டும் மழைச் சாரல் அடிக்கும்" என்று மேனேஜர் எடுத்துக் கொடுத்தார்.

"மேனேஜருக்கு எல்லாம் அத்துப்படி!" என்று மெச்சிய அதிகாரி, முதலாளி பக்கம் திரும்பினார். "உங்க சம்பளச் சீட்டு?"

"நான்தானே மேடம் முதலாளி? எனக்கு நானே எப்படி..."

"அப்ப மூணு வருஷ வருமான வரிக் கணக்கு வேணும்."

"ஆரம்பிச்சே பதினாலு மாசம்தான் ஆகுது மேடம்."

"அப்ப ரெண்டு வருஷம் கழிச்சு வாங்க சார். பழைய கம்பெனியிலேயே மெக்கானிக்கா இருந்திருந்தா கண்ணை மூடிக்கிட்டுக் குடுத்திருப்பேன்."

ஊரில் உள்ளவர்களை எல்லாம் மேலே ஏற்றிவிட்டவருக்கு, இரண்டு மாடிக்கு நடுவில் தானே மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. வந்ததும் அதிகாரியிடம் நீட்டிய பொன்னெழுத்துக் கார்டைத் திருப்பிக் கேட்டு வாங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

கோப்பை மூடப்போன அதிகாரியின் கை ஒரு பக்கத்தில் நின்றது. "கம்பெனி கணக்குலேருந்து மாசாமாசம் முதல் தேதி ஒரு தொகை போகுதே, யாருக்கு?"

"எங்க மேனேஜர் சம்பளம்." இந்த ஒன்றில் மட்டும் முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார். தனக்கு மிஞ்சுகிறதோ இல்லையோ, முதல் தேதி காலையில் மேனேஜருக்குப் போய்விட வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போனாலும் அன்றைக்கு அவருக்கு நிம்மதியாகச் சாப்பாடு இறங்காது.

"ஒரு வருஷத்துக்கு மேல தவறவே இல்லையே! வரியும் ஒழுங்காப் பிடிச்சிருக்கீங்க." அதிகாரி சிரித்துவிட்டார். "வேடிக்கையா இருக்கு சார். உங்களுக்குக் குடுக்க விதி இல்லை. உங்க மேனேஜர் கேட்டா இன்னைக்கே லெட்டர் குடுத்துடலாம்."

மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சம்பளம் குடுக்கிறது யாரா இருந்தாலும் பரவாயில்லையா மேடம்?"

"யாரா இருந்தா எங்களுக்கு என்ன? வேலை நிஜம், சம்பளம் தவறாம வந்திருக்கு. அது போதும்."

"அப்ப எனக்கு ஒரு ஃபாரம் குடுங்க. இதே வீட்டை நானே வாங்கிக்கிறேன்."

அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சம்பளம் கொடுக்கிறவரின் வீட்டை அவர் கண்ணெதிரிலேயே தட்டிக்கொண்டு போகிற ஆளை அவர் இதுவரை பார்த்ததில்லை. "சார், நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

முதலாளி வாயைத் திறந்தார். மேனேஜர் ஒரு பார்வை பார்த்தார். முதலாளி வாயை மூடிக்கொண்டு, பிறகு மெல்ல, "மேனேஜர் சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம்" என்றார். கம்பெனியில் இன்றுவரை அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது.

அதிகாரிக்கு மனசு கேட்கவில்லை. ஃபாரத்தை நீட்டியபடியே மேனேஜரிடம் குரலைத் தாழ்த்தினார். "பாவம், பதினோரு வருஷம் இருந்த வீடு. வாங்கினப்புறம் வாடகைக்காவது இவருக்கே விடுங்களேன்."

மேனேஜர் முதலாளியை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார்.

"வாடகையெல்லாம் வேண்டாம் மேடம். என் பசங்களுக்கு அப்பாவாச்சே, சும்மாவே இருந்துட்டுப் போகட்டும்!"