கொஞ்சம் இரும்பு

"எண்ணெய் மட்டும் சுத்தமா இருந்துட்டா நாங்க பிழைச்சோம் சார்" என்று விமானக் கம்பெனி அதிகாரி மறுபடியும் ஆரம்பித்தார். லேபில் எல்லோரும் 'எண்ணெய்க்காரர்' என்று கூப்பிடும் அந்த மனிதர் தலையை மட்டும் ஆட்டினார்.

மேஜை மேல் ஒரு சின்னப் புட்டி. முந்தாநாள் விழுந்த தபால் விமானத்தின் எஞ்சினில் மிஞ்சிய எண்ணெய் அது. எஞ்சினுக்குள் எது தேய்ந்தாலும் அதன் துகள் எண்ணெயில் வந்து சேர்ந்துவிடும். இரும்பு அதிகம் இருந்தால் பழி கம்பெனி மேல். இல்லாவிட்டால், தனியாக ஓட்டிப்போய்ச் செத்த பைலட் மேல்.

"நீங்க வீட்டுக்குப் போங்கண்ணா, நான் பாத்துக்கறேன்" என்றாள் கூட வேலை செய்யும் பெண்.

"இருக்கட்டும்மா. நானே பாத்துடறேன்."

போன் அடித்தது. மனைவி.

"ஏதாவது தெரிஞ்சுதா?"

"இன்னும் இல்ல" என்று வைத்துவிட்டார்.

கருவியில் எண் வந்தது. இரும்பு இருக்கவேண்டிய அளவுதான், ஒரு பொட்டுகூட அதிகமில்லை. கருவியைத் துடைத்துவிட்டு இன்னொரு சொட்டு வைத்தார். அதே எண். திரும்பவும் துடைத்தார். அதிகாரிக்கு இருப்புக்கொள்ளவில்லை, நல்ல சேதியை எத்தனை தடவைதான் பார்ப்பார் மனுஷன்?

அலமாரியில், கழித்துக்கட்டிய ஒரு பழைய எஞ்சினின் எண்ணெய் இருந்தது. கறுப்பாக, இரும்பு மண்டியது. அதில் ஒரு சொட்டு இதில் விழுந்தால் போதும், முடிவே தலைகீழாகிவிடும். எண்ணெய்க்காரர் அதைக் கையில் எடுத்தார்.

"ஒப்பிட்டுப் பாக்கவா சார்?" என்றார் அதிகாரி.

எண்ணெய்க்காரருக்கு எதுவுமே உறைக்கவில்லை, புட்டியின் குளிர்ச்சிகூட. மூடியைத் திறக்காமலே பழைய இடத்தில் வைத்தார்.

"எஞ்சின்ல ஒரு குறையும் இல்ல" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதிகாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "வயித்துல பாலை வார்த்தீங்க சார்! பைலட்தான் கோட்டை விட்டிருக்கான்னு நான் அப்பவே சொன்னேன், யாரு கேட்டா?"

கூட இருந்த பெண் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதிகாரி அதைக் கவனிக்காமல் போனை எடுத்தார்.

"முதல்ல அவன் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிடணும். பாவம், எஞ்சின் மேலதான் தப்புன்னு நம்பிட்டு இருப்பாங்க."

எண்ணெய்க்காரர் கருவியை அணைத்தார்.

"போன் வேணாம் சார். அவனோட அப்பா நான்தான்."